பிரித்து வைத்த பணம்

டீக்கடை மேசையில் இருக்கும் சின்னப் பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. நாம் கிளாஸைக் கையில் எடுக்கிறோம். ஸ்கேன் செய்ததற்கும் அந்தக் குரல் வந்ததற்கும் இடையே சில நொடிகள்தான் கழிந்திருக்கும். அதற்குள் நடந்து முடிந்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

நாம் போன் திரையில் ரகசிய எண்ணைத் தட்டுகிறோம். கூகுள் பே, போன்பே என்று எந்தச் செயலியாக இருந்தாலும், அந்த எண்ணை அது பார்ப்பதே இல்லை. எண்ணைக் கேட்கும் அந்தச் சிறு திரை, செயலிக்குள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் மென்பொருள். எண்ணை வாங்கிய இடத்திலேயே அது பூட்டுப் போட்டுவிடும். அது சரியான எண்தானா என்று சரிபார்ப்பது நம் வங்கிதான். பூட்டிய எண்ணோடு கோரிக்கை கழகத்தின் மையக் கணினிக்குப் போகிறது. மையம் நம் வங்கியிடம், இவர் கணக்கில் பதினைந்து ரூபாய் கழியுங்கள் என்கிறது. நம் வங்கி எண்ணைச் சரிபார்த்து, இருப்பைப் பார்த்து, கழித்துவிட்டு, ஆயிற்று என்று பதில் அனுப்புகிறது. அதன் பிறகே மையம் டீக்கடைக்காரர் வங்கியிடம், இவர் கணக்கில் பதினைந்து ரூபாய் சேருங்கள் என்கிறது. அதுவும் பதில் சொன்ன பின் நம் செயலிக்கு ஒரு செய்தி, கடைக்காரரின் செயலிக்கு ஒரு செய்தி. அங்கிருந்து, உள்ளே சிம் கார்டு போட்ட அந்தப் பெட்டிக்கு இன்னொரு செய்தி. யுபிஐ என்ற இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், இந்தச் சங்கிலி 2,000 கோடிக்கும் அதிகமான தடவை ஓடி முடிந்தது.

வியப்பு இத்தோடு முடியவில்லை. பெட்டி பேசிய அந்த நேரத்தில் நம் வங்கியிலிருந்து கடைக்காரர் வங்கிக்கு ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. இரண்டு வங்கிகளும் தத்தம் பதிவேட்டில் எண்களைத் திருத்திக்கொண்டன, அவ்வளவே. பகல் முழுதும் இப்படி ஒரு வங்கி மற்ற வங்கிகளுக்குத் தர வேண்டியதும் அவற்றிடமிருந்து பெற வேண்டியதும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாளைக்குச் சில சுற்றுகளாக அவற்றைக் கூட்டிக் கழித்து, மிச்சம் நிற்கும் வித்தியாசத்தை மட்டும் ரிசர்வ் வங்கியில் ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கும் கணக்கின் வழியாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒரு வங்கி தர வேண்டியது 500 கோடி, வர வேண்டியது 480 கோடி என்று வைத்துக்கொண்டால், அசலாக நகர்வது 20 கோடிதான். லட்சக்கணக்கான டீயும் பூவும் ஆட்டோ கூலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

எனவே, திரையில் தெரியும் இருப்பு என்பது, இவ்வளவு பணம் உனக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஒரு வங்கி எழுதி வைத்திருக்கும் வாக்கு. இது மனதில் பதிந்துவிட்டால், ஆன்லைனில் கணக்கு தொடங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் தெளிவாகிவிடும். வாக்குக் கொடுப்பவர் யார்?

இன்று ஐந்து நிமிடத்தில் கணக்கு திறந்து தருகிறோம் என்று வரும் அழகான செயலிகள் பல, வங்கிகளே அல்ல. இந்தியாவில் கிளையே இல்லாத, முழுக்க டிஜிட்டல் வங்கி என்று தனி உரிமம் கிடையாது. அந்தச் செயலிகள் முகப்பு மட்டுமே. பணம் இருப்பது பின்னால் நிற்கும் ஏதோ ஒரு வங்கியில். 2020 மார்ச் 5 இரவு இது நாடு முழுக்கப் புரிந்தது. யெஸ் வங்கியை ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் எடுத்து, வாடிக்கையாளர்கள் எடுக்கக்கூடிய தொகைக்கு 50,000 ரூபாய் என்று வரம்பு போட்டது. மறுநாள் போன்பே முடங்கியது. அதன் பரிவர்த்தனைகள் அப்போது யெஸ் வங்கி வழியாகவே போய்க்கொண்டிருந்தன. அந்த வங்கியில் கணக்கே இல்லாதவர்கள்கூட, வேறு வங்கியில் இருக்கும் தங்கள் பணத்தை அந்தச் செயலி வழியாக அனுப்ப முடியாமல் நின்றார்கள். யெஸ் வங்கியைச் சாராத இரண்டாவது செயலி ஒன்று போனில் இருந்தவர்களுக்கு அன்று சிக்கல் இல்லை.

அமெரிக்காவில் 2024இல் நடந்தது இதைவிடக் கொடுமை. செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் இருந்துகொண்டு கணக்கு எழுதிய சினாப்ஸ் என்ற நிறுவனம் திவாலானது. யாருக்கு எவ்வளவு என்ற பதிவேடும் வங்கிகளில் இருந்த பணமும் பொருந்தவில்லை. கோடிக்கணக்கான டாலர் இடிக்க, சேமிப்பு முழுவதையும் செயலியில் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தவித்தன. வங்கிகள் எதுவும் கவிழாததால் வங்கிக் காப்பீடும் அவர்களுக்கு உதவிக்கு வரவில்லை.

நம் ஊரில் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. ஒருவருக்கு, ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து, வட்டியும் உட்பட 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது ஒரு லட்சமாக இருந்தது. சிறு நிதி வங்கி, பேமெண்ட்ஸ் வங்கி, பெரும்பாலான கூட்டுறவு வங்கிகள் எல்லாமே இதற்குள் வரும். செயலியின் வாலட்டில் போட்டு வைக்கும் பணம் வராது. இந்த ஒரு வேறுபாட்டை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வட்டி விகிதத்தைப் பற்றி மக்கள் படும் கவலையில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அன்றாடச் செலவுக் கணக்கில் சராசரியாக 20,000 ரூபாய் இருக்கிறது என்றால், ஒரு சதவீதம் கூடுதல் வட்டி என்பது வருடத்துக்கு 200 ரூபாய். பெரிய வங்கிகள் பல, சேமிப்புக் கணக்குக்கு மூன்று சதவீதத்துக்கும் கீழேதான் தருகின்றன. உண்மையான வட்டி வேண்டிய பணம் அங்கே இருக்கவே கூடாது. அது ஃபிக்சட் டெபாசிட்டுக்கோ ஆர்டிக்கோ போக வேண்டும். அன்றாடக் கணக்கில் பார்க்க வேண்டியது, மினிமம் பேலன்ஸ் தவறினால் பிடித்தம் எவ்வளவு, ஏடிஎம்மில் எத்தனை தடவை இலவசம், எஸ்எம்எஸ் கட்டணம் உண்டா, இணையம் முடங்கும் நாளில் போய் நிற்கக் கிளை ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பவைதான்.

மினிமம் பேலன்ஸ் கணக்கும் பலர் அஞ்சுவது போல இல்லை. பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி நாட்களால் வகுக்கிறார்கள். சராசரி 10,000 வேண்டுமென்றால், 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 3 லட்சம் வந்தால் போதும். சம்பளம் வந்து முதல் ஐந்து நாள் 40,000 ரூபாய் இருந்தால் அதுவே 2 லட்சம். மீதி 25 நாளும் வெறும் 4,000 இருந்தாலும் இன்னொரு லட்சம் சேர்ந்துவிடும். இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. அதில் இருப்பு பூஜ்யமானாலும் பிடித்தம் கிடையாது.

ஆனால் எந்த வங்கி என்பதைக் காட்டிலும் எத்தனை கணக்கு, எதற்கு எது என்பதே பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். காரணம் வங்கியில் இல்லை, நம் மூளையில் இருக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். மேலாண்மை மாணவர்களுக்குக் கூடைப்பந்துப் போட்டியின் டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மீதிப் பேரிடம் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். மற்றபடி எல்லாம் ஒன்றே. கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ரொக்கக்காரர்களுடையதைப் போல இரு மடங்கு. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது நமக்குள் ஒரு சிறு வலி எழுகிறது. கை தயங்குகிறது. கொடுப்பது கண்ணில் படாதபோது அந்த வலி மழுங்கிவிடுகிறது. அன்று கார்டு செய்ததை இன்று ஸ்கேன் செய்கிறது. நொடிகளில் முடியும் அந்த அற்புதமான சங்கிலி, தயக்கத்துக்கான இடத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பொருளாதாரப் பாடநூல்படி ரூபாய்க்கு முகம் கிடையாது. எந்த நூறு ரூபாயும் இன்னொரு நூறு ரூபாய்க்குச் சமம். மனிதர்கள் அப்படி நினைப்பதில்லை என்று காட்டியவர் ரிச்சர்ட் தேலர். மனதுக்குள் வாடகைக்கு ஒரு கணக்கு, பண்டிகைக்கு ஒரு கணக்கு, எதிர்பாராமல் வந்த பணத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தயங்குகிறோம் என்று 1980களில் எழுதினார். 2017இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தது. நம் வீடுகளில் இது எழுதப்படாத பழக்கம். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்தது ஒரு செலவுக்கு, பருப்பு டின்னில் இருப்பது இன்னொன்றுக்கு, பீரோவில் புடவை மடிப்புக்குள் இருப்பதைத் தொடவே கூடாது என்று வைத்திருந்தார்கள். மொத்தம் ஒன்றுதான், ஆனால் பிரித்து வைத்த பணம் வேறு விதமாக நடந்துகொண்டது.

அது வெறும் நம்பிக்கையல்ல என்பதற்கு ஆதாரம் இந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது. திலிப் சோமன், அமர் சீமா என்ற ஆய்வாளர்கள் இருவர் கிராமப்புறக் கூலித் தொழிலாளர் குடும்பங்களோடு ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். வாரக் கூலியில் ஒரு சிறு தொகையைச் சேமிப்பு என்று உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே உறை. சிலருக்கு அதே தொகையை இரண்டாகப் பிரித்து இரண்டு உறை. சில உறைகளின் மேல் அந்த வீட்டுக் குழந்தைகளின் படம் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டு உறை வாங்கியவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். குழந்தை படம் இருந்த உறைகளிலும் பணம் கூடுதலாகத் தங்கியது. ஒட்டிய உறையைக் கிழிக்க ஒரு மனத்தடை இருக்கிறது. ஒரே உறை என்றால் அது ஒரு முறைதான் தடுக்கும், கிழித்த பின் எல்லாமே செலவுக்குத் திறந்துவிடும். இரண்டு உறை இரண்டு முறை தடுக்கிறது. வறுமையில் இருப்பவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் கையில் இருந்த தொகையும் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. காகிதம் ஒன்றுக்கு இரண்டானது, அவ்வளவே.

எல்லாப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில், அந்தக் கணக்கு யுபிஐயோடு பிணைந்து, அது எந்நேரமும் கையில் இருக்கும் போனில். இதுதான் இன்று பெரும்பாலோர் நிலை. ஒட்டாத ஒரே உறை. அடுத்த மாத வாடகையும் பள்ளிக் கட்டணமும் டீக் காசும் ஒரே எண்ணாகத் தெரிகின்றன. மாத முதல் வாரத்தில் அந்த எண் பெரிதாக இருக்கிறது, நாமும் வசதியாக இருப்பதாக நினைக்கிறோம்.

எனவே, இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். சம்பளமோ வருமானமோ வந்து சேரும் கணக்கு ஒன்று. வாடகை, தவணை, காப்பீடு, கட்டணங்கள் எல்லாம் தானாகப் போவது அங்கிருந்துதான். அதை யுபிஐயோடு இணைக்கவே வேண்டாம். இரண்டாவது, மினிமம் பேலன்ஸ் இல்லாத ஒரு செலவுக் கணக்கு. அது மட்டும் போனில். வாரம் ஒரு நாள், ஒரே நாள், முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்கு அந்த வாரச் செலவுப் பணம் தானாக மாறும்படி நிலையான கட்டளை கொடுத்துவிட்டால் போதும். பெரும்பாலான வங்கிகளின் நெட் பேங்கிங்கில் இது உண்டு. புதன்கிழமையே இருப்பு குறைந்துவிட்டால் கை தயங்கும். தொலைந்த தயக்கம் திரும்பக் கிடைக்கும். மோசடிக்காரர் கையில் போன் சிக்கினாலும் பெரும்பாலும் போவது அந்த வாரப் பணம்தான். இந்த இரண்டாவது பயனே போதும் என்று சொல்வேன்.

தனிக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு யுபிஐ லைட் இருக்கிறது. கணக்கிலிருந்து அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை போனுக்குள் ஒதுக்கி வைத்து, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே கொடுக்கலாம். வேகத்துக்காக உருவாக்கப்பட்ட வசதி இது. ஆனால் தானாக நிரப்பும் வசதியை மட்டும் அணைத்து வைத்தால், அதுவே ஓர் உறையாகிவிடுகிறது. ஞாயிறு நிரப்பியது தீர்ந்தால், மீண்டும் நிரப்ப நாமே முடிவெடுத்தாக வேண்டும்.

அடுத்து, செலவைக் கணக்கு எழுதித் தரும் செயலிகள். இவற்றுக்கு நம் செலவு எப்படித் தெரிகிறது என்று பார்த்தால்தான் எதை நம்பலாம் என்பது புரியும். பழைய வழி, வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைப் படிப்பது. அந்த அனுமதி கொடுத்தால் ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸும் அதன் கண்ணில் படும் என்பதை மறக்கக் கூடாது. நெட் பேங்கிங் கடவுச்சொல்லையே கேட்கும் செயலி என்றால் அப்போதே நீக்கிவிடுங்கள். மூன்றாவது வழி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற இடைநிலை நிறுவனங்கள், நம் சம்மதத்தின்பேரில் ஒரு வங்கியின் விவரத்தை இன்னொரு சேவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. எந்த விவரம், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று சம்மதத்திலேயே எழுதியிருக்கும். நினைத்தபோது திரும்பப் பெறலாம். விவரம் பூட்டப்பட்டே போவதால் கொண்டுபோகிறவரால் அதைப் படிக்க முடியாது. கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உலகில் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்துச் செய்திருப்பது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

விவரம் வந்த பிறகு அதை மளிகை, மருந்து, சாப்பாடு என்று பிரிக்க வேண்டும். கார்டு உலகில் ஒவ்வொரு வகைக் கடைக்கும் நான்கு இலக்க எண் உண்டு. மளிகைக்கடை, சூப்பர் மார்க்கெட் என்றால் 5411, உணவகம் 5812. வணிகராகப் பதிவு செய்த யுபிஐ கடைகளுக்கும் இந்த எண்கள் உண்டு. ஆனால் தெருமுனைக் காய்கறி அம்மா தன் சொந்தக் கணக்கின் க்யூஆரையே ஒட்டி வைத்திருப்பார். அந்தப் பரிவர்த்தனை தனிநபருக்குத் தனிநபர் அனுப்பியதாகவே பதிவாகும். வகை எண் இருக்காது. அவரிடம் வாங்கிய கத்தரிக்காயும் தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் செயலிக்கு ஒன்றுபோலத் தெரியும். யுபிஐ லைட்டில் கொடுத்தவையோ வங்கி அறிக்கையில் தனித்தனியாக வராது, நிரப்பிய தொகை மட்டும் ஒரே வரியில் வரும். நம் ஊர்ச் செலவில் பெரும்பங்கு இப்படிச் சிறு கடைகளுக்குப் போவதால், தானாகவே எல்லாம் பிரித்துத் தரும் செயலி இங்கே பாதி வேலையைத்தான் செய்யும். மீதியை நாம்தான் திருத்த வேண்டும்.

அந்தத் திருத்தம் ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானில் ஹானி மொட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் காகேபோ என்ற வீட்டுக் கணக்கு நோட்டை உருவாக்கினார். நூறாண்டு தாண்டியும் அங்கே ஆண்டுதோறும் புதுக் காகேபோ நோட்டுகள் விற்கின்றன. அதன் உயிர் கையால் எழுதுவதில் இருக்கிறது. செலவு செய்த கணத்தில் எழாத வலி, எழுதும் கணத்தில் எழுகிறது. ஆகையால், எதுவும் செய்ய வேண்டாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்னும் செயலியைவிட, வாரம் பத்து நிமிடம் நம்மை உட்கார வைக்கும் எக்செல் தாளோ நாற்பது பக்க நோட்டோ மேல். செயலி நிரந்தரமும் அல்ல. அமெரிக்காவில் பல லட்சம் பேர் ஆண்டுக்கணக்கில் செலவைப் பதிந்து வந்த மின்ட் என்ற செயலி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. எதைப் பயன்படுத்தினாலும், மாதம் ஒரு முறை விவரத்தைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தச் செயலிகளில் பல, வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு என்று ஒரு வாய்ப்பாட்டோடு வருகின்றன. அதைப் பரப்பியது எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதிய புத்தகம். நம் நிலை வேறு. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகரக் குடும்பங்களின் செலவில் சாப்பாட்டுக்கு மட்டுமே ஏறத்தாழ 40 சதவீதம் போகிறது, கிராமங்களில் 47. வருமானம் குறையக் குறைய உணவின் பங்கு கூடும் என்று 1857இலேயே ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் கண்டு சொன்னார். சாப்பாட்டோடு வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேரும் வீட்டுக்கு 50 எட்டாது. செயலி சிவப்பில் காட்டினால் குற்றம் அந்த வீட்டில் இல்லை. மூன்று மாதச் செலவை உள்ளபடி எழுதிப் பார்த்து, அதிலிருந்து சொந்தமாக ஒரு விகிதம் வகுத்துக்கொள்வதே சரி. சேமிப்பு ஐந்து சதவீதத்தில் தொடங்கினாலும், சம்பளம் வந்த மறுநாளே அது பிரிந்து போகிறதா என்பதே முக்கியம்.

இனி, கணக்கு திறந்த கையோடு தெரிந்துகொள்ள வேண்டிய சில. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது பறிப்பதற்குத்தான். பணம் கழிந்து எதிராளிக்குச் சேராமல் போனால், தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும் கடைக்குக் கொடுத்தது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019இலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். நம் தவறு இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்மைச் சேராது.

கணக்குகள் இரண்டு மூன்று ஆகும்போது நாமினி பெயரை எல்லாவற்றிலும் பதிய வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். பாஸ்புக் இல்லாத, போனுக்குள் மட்டுமே வாழும் கணக்கு என்றால் அது இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போகும். பத்தாண்டு யாரும் தொடாத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. 2024 மார்ச் முடிவில் அப்படிச் சேர்ந்திருந்தது 78,213 கோடி ரூபாய். உரியவர்கள் எப்போது வந்தாலும் கேட்டுப் பெறலாம். தேடிப் பார்க்க 2023இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. பெயரோடு பான் எண்ணோ பிறந்த தேதியோ கொடுத்தால், எந்த வங்கியில் கோரப்படாத கணக்கு இருக்கிறது என்று காட்டும். தாத்தா, பாட்டி பெயரை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.